ஒரே நாளில் இரண்டு நீர்நிலைகள்

கேள்வி: காரிலும் படகிலுமாக ஒருநாள் முழுவதும் நீர்ப்பறவைகளைப் பார்க்க, எங்கள் கொங்குப் பகுதியில் எங்கே செல்லலாம்?
– வாசகர், பெருந்துறை

பதில்: டிசம்பர், ஜனவரி மாதங்களில், விடியற்காலையிலேயே ஈரோடு அருகேயுள்ள வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தை அடைந்துவிடுங்கள். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற அந்த ஏரியில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை முதலியவற்றைக் கரையிலிருந்தே காணலாம். பிற்பகலில், 2024-இல் அதே பட்டியலில் சேர்ந்த திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்குச் செல்லுங்கள். இமயமலையைக் கடந்து வலசை வரும் பட்டைத்தலை வாத்துகளும், வாய்த்தால், அங்கே கண்ணில் படும்.

படகு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. படகு நெருங்கியதும் அஞ்சி எழும்பும் வாத்துக் கூட்டம், நெடும்பயணத்துக்காக இரைதேடிச் சேர்த்த ஆற்றலை வீணே இழக்கிறது. மாறாக, அனுமதியுள்ள சாலையோரத்தில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளிருந்தபடியே பார்த்தால், நடந்துவரும் மனிதரைக் கண்டு விலகும் பறவைகளும் பெரும்பாலும் அச்சமின்றி மேயும். வெயில் உங்கள் முதுகுப்புறம் விழும் கரையைத் தேர்ந்தெடுங்கள். இறகின் நிறங்கள் தெளிவாகத் தெரியும்.