நெல்லையின் பண்பலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

தனியார் பண்பலை வானொலிகள் குறித்த தங்கள் கட்டுரையில், சென்னை, கோவை ஆகிய இரு நகரங்களைத் தவிர்த்த தமிழக ஊர்களுக்கு அவை 2005-ஆம் ஆண்டுக் கொள்கைக்குப் பிறகே வந்தன என்று எழுதியிருந்தீர்கள். அது பிழை. அதற்கு முன்பே எங்கள் திருநெல்வேலியில் சூரியன் எஃப்.எம். ஒலித்துக்கொண்டிருந்தது. அப்போது பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவனாக இருந்த நான் அதை நாள்தோறும் கேட்டவன். மதுரைக்கும் திருச்சிக்கும் வராத ஒன்று எங்களுக்கு எப்படி முதலில் வந்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இன்னொரு கேள்வியும் உண்டு. பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை பேசிக்கொண்டிருக்கும் தனியார் பண்பலைகளில் ஊர்ச் செய்தி மட்டும் ஏன் வருவதில்லை? இது அக்கறையின்மை என்றே நான் நினைக்கிறேன். தங்கள் கருத்து என்ன?

ச.,
திருநெல்வேலி

அன்புள்ள ச.,

பிழை என்னுடையதுதான். அந்த ஆண்டுகளில் நான் மதுரையில் இருந்தேன். மதுரையில் எது எப்போது வந்ததோ, அதையே தென் மாவட்டங்கள் அனைத்துக்குமான கணக்காக எழுதிவிட்டேன். மதுரைக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வானலைகள் பொதுச்சொத்து என்றும், அவை அரசின் ஏகபோகமாக இருக்கக்கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில், வங்காளக் கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின் 1999-இல் மத்திய அரசு 40 நகரங்களில் 108 பண்பலை அலைவரிசைகளைத் தனியாருக்கு ஏலம் விட முன்வந்தது. 2001 ஜூலை 3 அன்று பெங்களூரில் ரேடியோ சிட்டி தொடங்கியது. நாட்டின் முதல் தனியார் பண்பலை நிலையம் அதுதான். ஆனால் அந்த முதற்கட்டம் முடிந்தபோது 108-இல் 21 நிலையங்களே 12 நகரங்களில் இயங்கின. மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு போன்ற பெருநகரங்கள் நிரம்பிய அந்தப் பன்னிரண்டில் திருநெல்வேலியும் ஒன்று. சூரியன் எஃப்.எம்.-ஐ நடத்தும் சன் குழுமம் சென்னை, கோவை, திருநெல்வேலி, விசாகப்பட்டினம் ஆகிய நான்கு ஊர்களில் உரிமம் பெற்று, நான்கிலும் நிலையம் அமைத்தது. உங்கள் ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைவிட, மற்ற ஊர்கள் உதிர்ந்து போயின என்பதே பொருத்தமான விளக்கம். ஏலம் கேட்டவர்களில் பெரும்பாலோர் விலகிக்கொண்ட ஒரு காலத்தில், நெல்லைக்குப் பணம் கட்டியவர் விலகாமல் நின்றார், அவ்வளவுதான்.

ஏன் விலகினார்கள் என்பதில்தான் உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடையில் பாதி இருக்கிறது. முதற்கட்ட உரிமத்தில், ஏலத்தில் கேட்ட தொகையை ஆண்டுதோறும் கட்ட வேண்டும். அந்தத் தொகையும் ஒவ்வோர் ஆண்டும் 15 விழுக்காடு ஏறும். முதல் ஆண்டு 1 கோடி ரூபாய் என்றால் பத்தாம் ஆண்டு ஏறத்தாழ 3.5 கோடி. விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும் இந்தத் தொகையைக் கட்டியே ஆக வேண்டும். ஜவுளிக்கடை, நகைக்கடை, அல்வாக்கடை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய விளம்பரதாரர்களைக் கொண்ட ஓர் ஊரில் இப்படியொரு கட்டணத்தைக் கட்டுபவர், கேட்பவரை ஒரு நிமிடமும் இழக்காத பண்டத்தையே ஒலிபரப்புவார். தமிழ்நாட்டில் அந்தப் பண்டம் திரைப்பாடல். அதற்கும் இசை நிறுவனங்களுக்கு உரிமத்தொகை கட்டியாக வேண்டும். அந்தச் சுமை, பதிப்புரிமை வாரியம் 2010 ஆகஸ்டில் நிகர விளம்பர வருவாயில் 2 விழுக்காடு என்று நிர்ணயித்த பிறகே குறைந்தது. தனியார் வானொலி குறித்து அரசு அமைத்த அமித் மித்ரா குழுவின் பரிந்துரையை ஒட்டி 2005-இல் வந்த இரண்டாம் கட்டக் கொள்கை, ஏலத்தொகையை ஒரே முறை கட்டும் நுழைவுக் கட்டணமாக மாற்றி, அதன்பின் வருவாயில் 4 விழுக்காட்டைப் பங்காகக் கேட்டது. மதுரைக்கும் திருச்சிக்கும் தூத்துக்குடிக்கும் தனியார் பண்பலை வந்தது இந்தக் கணக்கு மாறியதால்தான்.

மறுபாதி சட்டம். இங்கே நான் உங்களோடு மாறுபடுகிறேன். தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்பது தொடக்கத்திலிருந்தே உரிம நிபந்தனை. அக்கறை உள்ள ஓர் அறிவிப்பாளர் செய்தி வாசித்தால் நிலையத்தின் உரிமமே கேள்விக்குள்ளாகும். இதன் விந்தையை உங்கள் ஊரை வைத்தே பார்க்கலாம். சன் குழுமம் தொலைக்காட்சியில் நாள் முழுவதும் செய்தி தரலாம். 2005-இல் அது தினகரனை வாங்கியபின் காலையில் அச்சிலும் செய்தி தரலாம். அதே குழுமத்தின் வானொலி மட்டும், அந்தத் தினகரனில் வெளியான ஒரு வரியை எடுத்து வாசிக்க முடியாது. தினத்தந்தி குழுமத்தின் ஹலோ எஃப்.எம். நிலையும் இதுவே. தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த காயாமொழிக்காரர். தேநீர்க்கடை பெஞ்சில் ஒருவர் உரக்க வாசிக்க நாலு பேர் கேட்பதை அந்தப் பத்திரிகை ஊர்தோறும் வழக்கமாக்கியது. அந்த வேலையை வானொலி வழியாகச் செய்ய அதே குழுமத்துக்கு உரிமை இல்லை.

2011-ஆம் ஆண்டின் மூன்றாம் கட்டக் கொள்கை சற்றே இளகியது. போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவுகள், வேலைவாய்ப்பு, மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர் எச்சரிக்கை ஆகியவை செய்தி அல்ல என்று வரையறுத்து அனுமதித்தது. அகில இந்திய வானொலியின் செய்தியை ஒரு சொல்லும் மாற்றாமல் மறு ஒலிபரப்புச் செய்யலாம் என்றது. அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரியில். ஆக, தாமிரவருணியில் வெள்ளம் வருகிறது, கரையோரம் செல்லாதீர்கள் என்று சொல்லலாம். கரை ஏன் உடைந்தது, தூர்வார ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று கேட்க முடியாது. ஊர்ச் செய்தி என்று நீங்கள் குறிப்பிடுவது இரண்டாவதைத்தான் என்று எண்ணுகிறேன்.

ஒன்றை மட்டும் உங்கள் பக்கம் நின்று ஒப்புக்கொள்கிறேன். அதே கொள்கை, ஒரு நிறுவனம் தன் நிலையங்கள் அனைத்திலும் ஒரே நிகழ்ச்சியை இணைத்து ஒலிபரப்பவும் இடம் தந்தது. செய்தி கூடாது என்று சொன்ன சட்டம், உள்ளூர்ப் பேச்சைக் குறைத்துக்கொள்ளத் தடை சொல்லவில்லை. பண்பலையின் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. கோபுரத்தின் உயரத்தைப் பொறுத்து ஐம்பது அறுபது கிலோமீட்டரில் அடங்கிவிடுவது. நெல்லைக் கோபுரத்திலிருந்து கிளம்புவது மேற்குத்தொடர்ச்சி மலையைத் தாண்டாது. ஒரு மாவட்டத்தின் அளவுக்கு இயற்கையே வெட்டித் தந்த ஊடகம் அது. அதில் எங்கோ பேசியதை இங்கே ஒலிக்கவிடுவதைச் சட்டத்தின் தலையில் கட்ட முடியாது.

கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். நெல்லை நிலையத்தின் தொடக்க ஆண்டுகளில் நீங்கள் கேட்டவற்றை, குறிப்பாக நேயர்கள் தொலைபேசியில் எந்தெந்த ஊர்களிலிருந்து பேசினார்கள் என்பதை, நினைவிலிருக்கும் வரையில் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்