பத்திரம் பதிவாகும் என்கிறார் தரகர், மனையை வாங்கலாமா?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரிக்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி 1,200 சதுர அடி மனை ஒன்றுக்கு இரண்டு லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். மனைப்பிரிவு 2011-ல் போடப்பட்டது. இப்போதைய உரிமையாளர் 2012-ல் பத்திரம் செய்து வாங்கியவர். பட்டாவும் அவர் பெயரில் இருக்கிறது. 'பஞ்சாயத்து அப்ரூவல் உண்டு, பத்திரம் தடையில்லாமல் பதிவாகும், வங்கிக் கடனும் கிடைக்கும்' என்கிறார் தரகர். ஆனால் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர், 'கார்த்திகையில் வந்து பாருங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடித்தளத்தை நான்கடி உயர்த்திக் கட்டினால் போதுமா? மீதிப் பணத்தைக் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். கீழே சொல்லும் காகிதங்கள் கைக்கு வந்து, அந்தப் பெரியவரிடம் மறுபடி ஒருமுறை பேசிய பிறகு முடிவு செய்யுங்கள்.

உங்கள் தரகர் சொன்ன மூன்றில் இரண்டு உண்மையாகவே இருக்கலாம். பத்திரம் பதிவாகலாம், கடனும் கிடைக்கலாம். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வீடு கட்டிவிடலாம் என்று உங்களை நம்ப வைப்பதில்தான் ஏமாற்று இருக்கிறது. நகரமைப்புத் துறையில் முப்பது ஆண்டுகள் வரைபடங்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: என்னிடம் அழுதுகொண்டு வந்தவர்களில் பத்திரம் இல்லாதவர் ஒருவர்கூட இல்லை.

முதலில் பஞ்சாயத்து அப்ரூவல். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குத் தனியாகக் கிடையாது. நகர் ஊரமைப்பு இயக்ககமோ, இடத்தைப் பொறுத்துச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமோ தொழில்நுட்ப ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகே உள்ளாட்சி இறுதி ஒப்புதல் தரலாம். அந்த முதல் படியே இல்லாமல் ஊராட்சி முத்திரை குத்திய வரைபடத்தைச் சட்டம் வரைபடமாகவே மதிக்காது. அதைக் காட்டி விற்பவர் எத்தனை இனிக்கப் பேசினாலும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

அடுத்தது, பத்திரம் பதிவாகும் என்ற வாக்கு. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். இந்த ஒரு விலக்கை வைத்துத்தான் புறநகரில் பெரும் வியாபாரம் நடக்கிறது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்கிறது பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு. இந்தத் தடை 2016 அக்டோபர் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குள்ளேயே ஒரு விலக்கும் வைத்தார்கள்: அதே மனை முன்பே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் மீண்டும் பதியலாம். நல்லெண்ணத்தில் வைத்த விலக்கு அது. விவரம் அறியாமல் வாங்கி மாட்டிக்கொண்டவர் மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ விற்க முடியாமல் தவிக்கக் கூடாது அல்லவா? உங்கள் உரிமையாளர் 2012-ல் வீட்டுமனை என்றே பதிந்திருந்தால் இந்த விலக்கு அவருக்குப் பொருந்தும். சார்பதிவாளர் பதிந்துவிடுவார்.

ஆனால் அந்த விலக்கு தருவது கைமாற்றும் வசதியை மட்டுமே. மனைக்கு அங்கீகாரம் வந்துவிட்டதாக அதற்குப் பொருள் இல்லை. கட்டட அனுமதி கேட்டுப் போகும்போது மனை வரன்முறை செய்யப்பட்டதா, அதாவது அங்கீகாரமில்லாத மனை பின்னர் முறைப்படுத்தப்பட்டதா என்றுதான் கேட்பார்கள். சட்டத்தில் இருக்கும் சொல் 'அதே மனை' என்பதையும் கவனியுங்கள். 2012 பத்திரத்திலுள்ள மனை எண்ணும், நீள அகலமும், நான்கு எல்லைகளும் இன்று உங்களுக்குக் காட்டும் இடத்தோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். அந்தப் பத்திரத்தில் 'புஞ்சை நிலம், இத்தனை சென்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது வீட்டுமனைப் பதிவே ஆகாது, விலக்கும் கிடையாது. எனவே முன் பத்திரத்தை முதல் வரியிலிருந்து சொத்து விவரம் வரை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். தரகர் சொல்லும் சுருக்கத்தை நம்பாதீர்கள்.

வரன்முறைக்கு 2017-ல் தனி விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை ஆணை பெற அவை வழி செய்தன. அதன் காலக்கெடுவைப் பலமுறை நீட்டித்தார்கள். ஒவ்வொரு நீட்டிப்பின் போதும் எனக்கு வயிறு எரிந்தது. முறையாகச் சாலை விட்டு, பூங்காவுக்கு இடம் விட்டு மனை போட்டவர் இளிச்சவாயர் ஆனார். விதியை மீறியவருக்கு ஆண்டுக்கு ஆண்டு கதவு திறந்தது. அது போகட்டும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது அந்த ஆணை. 'விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்' என்றால் ஆணை வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். நீர்நிலையிலோ வாய்க்காலிலோ பொது ஒதுக்கீட்டு இடத்திலோ விழும் மனைக்கு எவ்வளவு கட்டணம் கட்டினாலும் அந்த ஆணை கிடைக்காது. உங்கள் கேள்வியில் ஏரி என்ற சொல்லைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இதனால்தான்.

அரைக் கிலோமீட்டர் தள்ளி என்கிறீர்கள். தூரம் முக்கியமில்லை; திசைதான் முக்கியம். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய் பக்கமா, நிரம்பினால் வழியும் கலங்கல் பக்கமா, மதகுக்குக் கீழே பாசனம் பெற்ற நஞ்சையா? செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பார்கள். அங்கே ஏரிகள் தனித்தனிக் குட்டைகளாக இல்லை. மேல் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும்படி தொடராக அமைத்திருக்கிறார்கள். இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஓடும் வாய்க்கால் வருடத்தில் பத்து மாதம் காய்ந்து, முள்செடி மண்டிக் கிடக்கும். அந்தப் பத்து மாதத்தில்தான் தரகர் உங்களைக் காரில் அழைத்துப் போய்க் காட்டுவார். எனக்குத் தெரிந்த ஒரு மனைப்பிரிவில் வாய்க்காலின் மேலேயே மண்ணைக் கொட்டி, 'இருபது அடிச் சாலை' என்று வரைபடத்தில் எழுதிவிட்டார்கள். முதல் கனமழையில் அந்தச் சாலை மறுபடி வாய்க்கால் ஆனது.

இதைக் கண்டுபிடிக்க நீங்கள் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. பட்டாவிலுள்ள சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் அந்த எண்ணுக்கு உரிய புலப்படத்தையும் (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அளவைப் படம்), 'அ' பதிவேட்டு விவரத்தையும் (நிலம் என்ன வகை, யாருடையது என்று சொல்லும் பதிவேடு) பார்க்கலாம். உங்கள் எண்ணோடு நிறுத்திவிடாமல் சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். புலப்படத்தில் இரட்டைக்கோடாக ஒரு பட்டை ஓடி, அதற்குத் தனி உட்பிரிவு எண் இருந்தால் அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடுங்கள். வாய்க்கால், ஓடை, நீர்ப்பிடிப்பு, ஏரி உள்வாய் (ஏரியின் நீர் பரவும் உட்பகுதி) என்று ஏதாவது எழுதியிருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். இன்னொரு படியும் உண்டு. 1980-களில் நில உடைமைப் பதிவேடுகளைத் திருத்தி எழுதினார்கள். அப்போது பிழைகள் புகுந்தன. பொது நிலம் தனியார் பெயருக்கு மாறிய இடங்களும் உண்டு. ஆகவே அதற்கு முந்தைய பழைய பதிவேட்டின் நகலையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெறுங்கள். அலைய விடுவார்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாவது வாங்குங்கள். நீர்நிலையைப் பட்டா போட்டுக் கொடுத்திருந்தாலும் அந்தப் பட்டா நீதிமன்றத்தில் நிற்காது.

வங்கிக் கடன் கிடைப்பதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வங்கி வழக்கறிஞர் பார்ப்பது உரிமைத் தொடரை. மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று அவர் பார்க்க மாட்டார். அது அவர் வேலையும் இல்லை. யார் வேலை என்று நீங்கள் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சர்வே எண் வருவாய்த் துறைக்குத் தெரியும், பத்திரம் பதிவுத் துறைக்குத் தெரியும், மனைப்பிரிவு நகரமைப்புத் துறைக்குத் தெரியும், ஏரி நீர்வளத் துறைக்குத் தெரியும். நான்கு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் மேசை எந்த அலுவலகத்திலும் இல்லாமலேயே நகரம் நாற்புறமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அரசே நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் கட்டியது. 1920-களில் மயிலாப்பூர் நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கியது. இப்படிப்பட்ட முன்மாதிரிகளைப் பார்த்து வளர்ந்த தரகரிடம் வாய்க்காலுக்கு மரியாதை எதிர்பார்க்க முடியுமா?

மனைப்பிரிவில் பூங்கா என்று காட்டிய இடத்தையும் விசாரியுங்கள். அதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? எழுதிக் கொடுக்காமல் வைத்திருந்து, கடைசியில் அதையும் மனையாக அறுத்து விற்பது இந்தத் தொழிலின் பழைய வித்தை. உங்களுக்குக் காட்டிய மனையே அந்தத் துண்டாக இருக்கக் கூடாது.

இனி உங்கள் நான்கடி. 1,200 சதுர அடியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 11,000 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் சேரும். ஏறக்குறைய ஒரு தண்ணீர் லாரி அளவு. அது உங்கள் வானத்திலிருந்து விழுந்தது மட்டும். மேட்டிலிருந்து ஓடிவருவது தனிக்கணக்கு. நான்கடி உயர்த்தினால் உங்கள் கூடம் நனையாது என்பது சரி. ஆனால் தண்ணீர் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? உயர்த்தாத அடுத்த வீட்டுக்குள் போகும். அடுத்த ஆண்டு அவர் ஐந்தடி உயர்த்துவார், சாலையையும் உயர்த்திப் போடுவார்கள், உங்கள் வாசல் பள்ளமாகும். கழிவுநீர்த் தொட்டி நிரம்பி எதிர்ப்பக்கம் வழியும். வாய்க்காலில் நிற்கும் மனையை உயரம் காப்பாற்றாது. சாதாரண மேட்டு மனை என்றால் அடித்தளத்தைச் சாலை மட்டத்துக்கு மேல் ஓரளவு உயர்த்தி, மழைநீர் இறங்கக் கொஞ்சம் திறந்த மண்ணை விட்டு வையுங்கள். முழு மனையையும் சிமென்ட்டால் மூடிவிடாதீர்கள்.

அந்தப் பெரியவரைத் தேடிப் போய்ப் பாருங்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் நின்றது, எந்த வழியாக வடிந்தது என்று மூன்று கேள்வி கேளுங்கள். அவர் கைநீட்டிக் காட்டும் திசையைப் புலப்படத்தோடு ஒப்பிடுங்கள்.

முன்பணத்தை எப்படிக் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. ரொக்கமாக, வெறும் துண்டுச்சீட்டில் என்றால் இன்றே உரிமையாளரிடம் நேரில் பேசி எழுத்து வாங்குங்கள்: வரன்முறை ஆணை இல்லையென்றாலோ, நீர்வழியில் மனை விழுகிறது என்று தெரிந்தாலோ முழுத் தொகையும் திரும்ப வேண்டும் என்று அதில் இருக்கட்டும். தரகர் கையெழுத்து போதாது. சர்வே எண், உட்பிரிவு எண், புலப்பட நகல் மூன்றையும் எனக்கு அனுப்பிவையுங்கள். வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.