ஆட்டத்துக்கு ஆள் தேடுதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை மாறி இந்த நகரத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பழைய ஊரில் எங்களுக்கு ஐந்து பேர் கொண்ட குழு இருந்தது. ஆறு வருடம், வியாழக்கிழமை தவறாமல் கூடுவோம். போர்டு கேம்கள், நடுநடுவே, ஆளுக்கொரு பாத்திரமாகி ஒரு கதையைச் சேர்ந்து நடத்துகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நான் கிளம்பிய வாரத்தில் எங்கள் கதை பாதியில் நின்றது. ஒரு கோட்டைக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே என்ன இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது.

இங்கே ஒரு கேம் கடையைக் கண்டுபிடித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனேன். இருபது பேர் இருந்திருப்பார்கள். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கால் மணி நேரம் பெட்டிகளைப் பார்ப்பதுபோல நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். முப்பத்துநாலு வயதில், முன்பின் தெரியாதவர்களிடம் போய் “என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா” என்று எப்படிக் கேட்பது? பெண் என்பதால் யார் வீட்டுக்கோ போய் ஆடவும் தயக்கமாக இருக்கிறது. நீங்கள் பல ஊர் மாறியவர் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல கடையையும் குழுவையும் எப்படித்தான் கண்டுபிடிப்பது?

மு.

அன்புள்ள மு.,

நீங்கள் போனது வெள்ளிக்கிழமை சாயங்காலம். நடந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். கேம் கடைகளில் வெள்ளி இரவு என்றால் அநேகமாக மேஜிக் தி கேதரிங் போட்டி நடக்கும். ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி 1993-இல் வெளிவந்த சீட்டு விளையாட்டு அது. அதை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே ‘ஃப்ரைடே நைட் மேஜிக்’ என்ற பெயரில் கடைகள் வழியாக வாராவாரம் போட்டி வைக்கிறது. வழக்கமாக ஒரு சுற்றுக்கு 50 நிமிடம். அதற்குள் மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது யார் தலை நிமிர்வார்கள்? நீங்கள் நுழைந்தது பரீட்சை நடக்கிற அறைக்குள். அதே கடைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போயிருந்தால், நாலு பேர் ஒரு பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு ஐந்தாவது ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

புது ஊருக்குப் போகிற எல்லாரிடமும் நான் இதைத்தான் சொல்வேன். முதலில் கிழமையைக் கண்டுபிடியுங்கள். கடை ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு கிழமையும் அங்கே வேறு வேறு மனிதர்கள். ஒருநாள் சீட்டுக்காரர்கள், ஒருநாள் வார்ஹேமர் என்ற போர் விளையாட்டின் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறவர்கள், ஒருநாள் போர்டு கேம், ஒருநாள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி ரோல்பிளே. இவர்களில் பாதிப் பேருக்கு மற்றப் பாதியின் முகமே தெரியாது. ஒரு சாயங்காலத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கடை நமக்கு ஒத்துவராது என்று முடிவு செய்யக்கூடாது.

கடைக்காரரிடம் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். இன்றைக்கு எந்தப் பெட்டியையும் வீட்டில் உட்கார்ந்தபடியே வாங்கிவிடலாம், பெரும்பாலும் கடையைவிடக் குறைந்த விலைக்கு. அப்படியிருந்தும் ஒரு கடை நிலைக்கிறது என்றால் அங்கே போட்டிருக்கிற மேசைகளால்தான். மேசையில் ஆள் இருந்தால்தான் சீட்டுப் பாக்கெட் விற்கும், வர்ணப் புட்டி விற்கும், புதிதாக வந்த பெட்டியைப் பற்றிப் பேச்சு எழும். புதிதாக ஒருவர் வருவது அவருக்கு நல்ல செய்தி. ஆனால் “இங்கே குழு இருக்கிறதா?” என்று கேட்டால் “இருக்கு, வருவாங்க” என்றுதான் பதில் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்: போர்டு கேம் ஆடுகிறவர்கள் எந்தக் கிழமை வருகிறார்கள்? முதல் பெட்டியை எத்தனை மணிக்குத் திறப்பார்கள்? புதிதாக வருகிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்லிக்கொடுப்பவர் யார்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். நான் போன ஒவ்வொரு கடையிலும் அப்படி ஒருவர் இருந்தார். சம்பளம் கிடையாது, பொறுப்பு கிடையாது, ஆனால் விதிகளைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அவர் பெயர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டாவது கேள்விக்கும் காரணம் இருக்கிறது. போர்டு கேமில் நடுவில் போய்ச் சேர முடியாது. தொடங்கிவிட்டால் இரண்டு மணி நேரம் நீங்கள் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். நான் மூன்றாவதாக மாறிய ஊரில் இதே தவறைச் செய்தேன். இரண்டு வாரம் தாமதமாகப் போய், உங்களைப் போலவே அலமாரி ஓரமாக நின்றுவிட்டு வந்தேன். மூன்றாவது வாரம் இருபது நிமிடம் முன்னாலேயே போனேன். பெரியவர் ஒருவர் தனியாக உட்கார்ந்து கார்க்கசோன் என்ற ஆட்டத்தின், வயலும் கோட்டையும் வரைந்த அட்டைகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அதன் காய்களான மர மனிதர்களை நிறம் பிரித்து வைத்திருந்தார். நீலத்தில் ஒன்று தொலைந்துபோயிருக்கிறது. அந்த இடத்தில் ஒரு சட்டைப் பொத்தான். என்னைப் பார்த்ததும் அவர் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. “என்ன கலர் வேணும்?” என்று கேட்டார். நான் நீலம் என்றேன். அன்று இரவு முழுக்க அந்தப் பொத்தானை வயலில் படுக்க வைத்தும் கோட்டையில் நிறுத்தியும் ஆடினேன். என் பெயரை இரண்டாவது ஆட்டம் முடிந்த பிறகுதான் கேட்டார். அந்த ஊரில் இருந்த நாலு வருடமும் அதுதான் என் மேசை.

“என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா” என்று கேட்க நாக்கு எழவில்லை என்கிறீர்கள். சீக்கிரம் போனால் அந்தக் கேள்விக்கே இடம் வராது. மேசை காலியாக இருக்கும், ஆள் தேவைப்படும்.

கையில் ஒரு பெட்டி எடுத்துப்போங்கள். உங்களிடம் இருப்பதிலேயே பெரியதை, உங்களுக்கு மிகவும் பிடித்ததை எடுத்துப்போகத் தோன்றும். வேண்டாம். முதல் தடவைக்கு ஐந்து நிமிடத்தில் விதி சொல்லி ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஆட்டம் போதும். நான் சொன்ன கார்க்கசோன் அப்படிப்பட்டது. கிளாவுஸ் யூர்கன் விரேடே உருவாக்கி 2000-இல் வந்தது. 72 அட்டைகள். ஒன்றை எடுக்க வேண்டும், பொருத்த வேண்டும், விருப்பமிருந்தால் ஒரு ஆளை வைக்க வேண்டும், அவ்வளவுதான். அட்டை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி திறந்து கிடப்பதால் “அதைத் திருப்பி வைத்துப் பாருங்கள்” என்று யாராவது சொல்வார்கள். பேச்சு அங்கே ஆரம்பிக்கும். ஆறு பேர், எட்டுப் பேர் என்று சேர்ந்துவிட்டால் கோட்நேம்ஸ் நல்லது. 25 சொற்களைப் பரப்பிவைத்து இரண்டு அணியாக ஆடுவது. முன்பின் தெரியாதவர்கள் அரை மணி நேரத்தில் ஒரே கட்சியாகிவிடுவார்கள்.

சரி, கடையை எங்கே தேடுவது? மேஜிக் நடத்துகிற கடைகளையும் நிகழ்ச்சிகளையும் விசார்ட்ஸ் நிறுவனத்தின் தளத்திலேயே ஊர்வாரியாகப் பார்க்கலாம். உங்களுக்கு மேஜிக் வேண்டாமென்றாலும் அந்தப் பட்டியல் உதவும், ஏனென்றால் மேசை போட்ட கடைகளில் பெரும்பாலானவை அதில் இருக்கும். வார்ஹேமர் கடைகளுக்கு கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் தளம். கடை சாராத குழுக்களுக்கு, ஆட்கள் கூட ஏற்பாடு செய்யும் மீட்அப் தளம், குழுவாகப் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் செயலி. அங்கே உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். கடைசியாக எப்போது கூடினார்கள், அடுத்த கூட்டத்துக்குத் தேதி போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். ஆயிரம் பேர் இருந்தும் ஆறு மாதமாகக் கூடாத குழுவைவிட, மாதம் இருமுறை கூடுகிற ஒன்பது பேர் மேல். நூலகங்களையும் விட்டுவிடாதீர்கள். பல நூலகங்களில் போர்டு கேம் மாலைகள் நடக்கின்றன. கடையில் போட்டி மனப்பான்மை அதிகம் என்று தோன்றுகிறவர்களுக்கு அது நல்ல இடம். பக்கத்தில் எங்காவது கேம் மாநாடு நடந்தால் ஒருநாள் போய்வாருங்கள். அங்கே சொல்லிக்கொடுப்பதற்கென்றே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் ஊர்க்காரர்கள் யாராவது கண்ணில் படவும் கூடும்.

ரோல்பிளே வேறு கதை. போர்டு கேமுக்கு ஒரு சாயங்காலத்தைக் கொடுத்தால் போதும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் குழுவில் சேர்வது ஒரு வருடத்துக்கு வாக்குக் கொடுப்பது மாதிரி. ஓடிக்கொண்டிருக்கும் கதையில் புதியவரைச் சேர்க்க அவர்களும் யோசிப்பார்கள், நீங்களும் யோசிக்க வேண்டும். அதனால் ஒரே அமர்வில் முடிகிற ‘ஒன்‌ஷாட்’ எப்போது நடக்கிறது என்று விசாரியுங்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் கதையை நடத்துகிற அந்த கேம் மாஸ்டர் எப்படிப்பட்டவர், எல்லாருக்கும் பேச இடம் கொடுக்கிறாரா என்று தெரிந்துவிடும். ஊர் மாறுகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. பாத்ஃபைண்டர் சொசைட்டி, அட்வெஞ்சரர்ஸ் லீக் என்று பொதுவிதிப்படி நடக்கிற ஆட்டங்களில், ஒரு மேசையில் வளர்த்த பாத்திரத்தை இன்னொரு ஊர் மேசைக்கு அப்படியே எடுத்துப்போகலாம். முதல் நாளிலேயே புது மனிதர்கள் நடுவே பழைய பெயரோடு உட்காரலாம்.

வீட்டுக்குப் போவது பற்றி: உங்கள் தயக்கம் சரிதான், அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் மூன்று நாலு சந்திப்பு பொது இடத்தில்தான் என்று சொல்லிவிடுங்கள். நல்ல குழு “அதுக்கென்ன, கடையிலேயே பார்க்கலாம்” என்று சொல்லும். அதற்கே முகம் சுளிக்கிறார்கள் என்றால் தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது. கதை தொடங்கும் முன் எல்லாரும் உட்கார்ந்து, இந்தக் கதையில் என்ன வரலாம், என்ன வரவே கூடாது என்று பேசிக்கொள்ளும் வழக்கம் உண்டு. ‘செஷன் ஜீரோ’ என்பார்கள். அதை வைக்கிற குழுவை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன்.

பெண் ஆடுபவரின் முறை வரும்போது பக்கத்தில் இருப்பவர் கையை நீட்டி அவர் காயை நகர்த்துவதை நான் பார்த்திருக்கிறேன். பாண்டமிக் மாதிரி எல்லாரும் ஒரே பக்கம் நின்று ஆடுகிற ஆட்டங்களில் இது சீக்கிரம் வெளிப்படும். ஒருவரே எல்லார் முறைக்கும் முடிவெடுப்பார். அன்று அந்த மேசையில் மற்ற மூன்று பேர் சும்மா இருந்தார்கள். நானும் அந்த மூவரில் ஒருவன். அது இன்னும் உறுத்துகிறது. அப்படி நடந்தால் “என் முறையை நானே ஆடுகிறேன்” என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். மறுபடியும் நடந்தால் எழுந்துவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வெறும் மந்தமான முதல் நாளுக்காக எழுந்துவிட வேண்டாம். அவர்களுக்கும் நீங்கள் புதியவர். ஒரே கிழமை, ஒரே நேரம், நாலு வாரம் தொடர்ந்து போங்கள். முதல் வாரம் உங்களைப் பார்ப்பார்கள், இரண்டாவது வாரம் தலையசைப்பார்கள். நாலாவது வாரம் நீங்கள் வர ஐந்து நிமிடம் தாமதமானால் பெட்டியைத் திறக்காமல் வைத்திருப்பார்கள்.

நாலு வாரத்திலும் ஒன்றும் அமையவில்லையா? அப்போது நீங்களே மேசை போடுங்கள். கடைக்காரரிடம் ஒரு கிழமையைக் கேட்டு வாங்கி, “புதியவர்கள் வரலாம், விதி தெரிய வேண்டியதில்லை” என்று ஒரு அட்டையில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஆறு வருடம் வியாழக்கிழமை தவறாமல் கூடிய ஒருவருக்கு மேசையை நடத்தத் தெரியாமல் இருக்காது. முதல் வாரம் இரண்டு பேர்தான் வருவார்கள். இருவர் ஆடுகிற பெட்டி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

அப்புறம் அந்தக் கோட்டைக் கதவு. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கும் அது மனதில் நிற்கிறது. புது மேசை கிடைக்கும்வரை பழைய மேசையைக் கலைக்காதீர்கள். ரோல்20 மாதிரி தளங்களில் வரைபடம், பகடை எல்லாம் திரையிலேயே இருக்கிறது. ஐந்து பேரும் அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம். நேரில் ஆடுகிற மாதிரி இருக்காது, பேச்சு ஒன்றோடொன்று மோதும், சிரிப்பு அரை விநாடி தாமதமாக வரும். இருந்தாலும் அந்த நாலு பேருக்கும் இன்றைக்கே எழுதி, வரும் வியாழக்கிழமைக்கு நேரம் கேளுங்கள். கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்.