மோபி டிக் நாவலில் அந்த வெள்ளைத் திமிங்கலம் எதற்குக் குறியீடு?

கடவுள், விதி, தீமை, இயற்கை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஹெர்மன் மெல்வில் 1851-இல் வெளியிட்ட இந்த நாவலின் 99-ஆம் அத்தியாயத்திலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தன் காலைப் பறித்த அந்தத் திமிங்கலத்தை முதலில் பார்ப்பவனுக்கென்று, திமிங்கல வேட்டைக் கப்பலின் கேப்டன் ஆஹாப் பாய்மரத்தில் ஒரு தங்கக்காசை ஆணியடித்து வைத்திருக்கிறான். ஒவ்வொருவராக வந்து அதைப் பார்க்கிறார்கள். ஆஹாபுக்கு அதிலுள்ள மலை, கோபுரம், சேவல் எல்லாமே ஆஹாப்தான். ஆஹாபுக்கு அடுத்த அதிகாரியான, பக்திமான் ஸ்டார்பக் மூன்று சிகரங்களில் பிதா, மகன், பரிசுத்த ஆவி என்ற கிறிஸ்தவத் திரித்துவத்தைக் காண்கிறான். இன்னொரு அதிகாரி ஃபிளாஸ்க் எத்தனை சுருட்டு வாங்கலாம் என்று கணக்குப் போடுகிறான். காசு ஒன்றுதான், பார்ப்பவன் மனம்தான் வேறு. திமிங்கலமும் அப்படித்தான்.

ஆனால் என்னை அதிகம் ஆட்டிவைத்தது திமிங்கலம் அல்ல, கப்பலில் ஈட்டி எறிபவனான தீவுக்காரன் க்வீக்வெக்கின் சவப்பெட்டி. காய்ச்சலில் சாகக் கிடக்கும்போது தனக்கென்று ஒரு பெட்டி செய்யச் சொல்கிறான். கரையில் ஒரு கடமை பாக்கி இருப்பது நினைவுக்கு வர, சாவதில்லை என்று முடிவுசெய்து எழுந்துவிடுகிறான்! பிறகு தன் உடம்பில் பச்சை குத்தியிருந்த உருவங்களை அந்தப் பெட்டியின் மூடியில் செதுக்குகிறான். வானத்தையும் பூமியையும் பற்றிய முழு ஞானமாக அவன் தீவின் ஞானி ஒருவர் எழுதிவைத்தவை அவை. அவனுக்கே படிக்கத் தெரியாது. கப்பலின் மிதவை கடலில் தொலைந்தபின் அந்தப் பெட்டிதான் மிதவையாகிறது. கடைசியில் கப்பலோடு எல்லோரும் மூழ்க, கதைசொல்லி இஷ்மாயிலை மட்டும் மிதக்க வைப்பதும் அதுவே. ஊரார் காட்டுமிராண்டி என்று பார்த்தவனின் பெட்டி!

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஆஹாபை வைத்துப் பாருங்கள். ரேச்சல் என்ற கப்பலின் கேப்டன், படகோடு காணாமல் போன தன் பன்னிரண்டு வயது மகனைத் தேட உதவும்படி கெஞ்சுகிறார். உங்களுக்கும் ஒரு மகன் இருக்கிறானே என்கிறார். ஆஹாப் மறுத்துவிடுகிறான். காலைப் பறிகொடுத்தவனின் கோபம் எனக்குப் புரிகிறது, இந்த மறுப்பை மட்டும் மன்னிக்க முடியவில்லை. அவன் விழுந்த இடம் இதுதான், திமிங்கலத்தோடு மோதிய இடம் அல்ல. பிள்ளையைத் தேடி அலையும் அதே ரேச்சல்தான் பிறகு இஷ்மாயிலைக் கண்டெடுக்கிறது.

முதல் வாசிப்பில் திமிங்கலத்தின் உடற்கூறு பற்றிய அத்தியாயங்கள் அலுத்தால் தாண்டிப் போங்கள். தங்கக்காசு வரும் 99, சவப்பெட்டி வரும் 110, ரேச்சல் வரும் 128 ஆகிய மூன்று அத்தியாயங்களையும் நிதானமாகப் படியுங்கள். தூங்கும் ஆஹாபின் அறை வாசலில் ஸ்டார்பக் துப்பாக்கியோடு நின்று தவிக்கும் 123-ஐயும் விட்டுவிடாதீர்கள்.