தீபாவளிக்கு முந்திய வீட்டு வேலையும் தேறிவரும் உடம்பும்: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் தீபாவளிக்கு ஏழெட்டு வாரம் இருக்கும்போதே ஹார்ட்வேர் கடைகளின் வாசலில் சாய டின்களை அடுக்கிவிடுவார்கள். தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டுத் தாமான்கள் என்னும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிவந்து ஒரு தலைமுறை கடந்த பிறகும், பண்டிகைக்குள் வீட்டைப் புதுப்பித்துவிட வேண்டும் என்ற துடிப்பு மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய உடம்போடு அந்தத் துடிப்புக்கு எப்படி ஈடுகொடுப்பது என்று இவ்வூரிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் அரசாங்க மருத்துவமனைகளில் தொழில்வழிச் சிகிச்சையாளராக, அதாவது நோயுற்றவரை மறுபடி குளிக்கவும் சமைக்கவும் வேலைக்குப் போகவும் பழக்கும் பணியில், 29 ஆண்டுகள் இருந்தேன். நான் தாதி இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் ஊரார் என்னை மிஸ்ஸி என்றே அழைக்கிறார்கள், நானும் விட்டுவிட்டேன். நான் சொல்லும் வாரக் கணக்கும் உங்கள் மருத்துவர் சொல்வதும் முரண்பட்டால், உங்களை அறுத்துத் தைத்தவர் சொல்வதையே கேளுங்கள்.

கேள்வி: மிஸ்ஸி, எனக்கு 58 வயது, லோரி ஓட்டுகிறேன். பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரமாகிறது. நடக்கிறேன், சாப்பிடுகிறேன், நன்றாகவே இருக்கிறேன். மகன்கள் சிங்கப்பூரில் இருப்பதால் ஹாலுக்கு நானே சாயம் அடித்துவிடலாமா?

இப்போது வேண்டாம், ஐயா. பைபாஸ் சிகிச்சையில் இதயத்தை அடைவதற்காக நடு மார்பெலும்பை நெடுக அறுத்து, முடிந்ததும் கம்பியால் இழுத்துக் கட்டுகிறார்கள். மூச்சு வாங்காமல் நடக்க முடிவதைக் கொண்டு அந்த எலும்பும் ஒட்டிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. அது உறுதிப்படப் பொதுவாக 6 முதல் 12 வாரம் பிடிக்கும். அதுவரை 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றும், இரு கைகளாலும் வலுவாகத் தள்ளவோ இழுக்கவோ கூடாது என்றும் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஐந்து லிட்டர் சாய டின் ஒன்றே 6 கிலோவைத் தாண்டும். பதினெட்டு லிட்டர் வாளி 20 கிலோவுக்கு மேல். நீண்ட கழியில் மாட்டிய ரோலரை உத்தரம்வரை அழுத்தித் தேய்ப்பது தள்ளுவதும் இழுப்பதும் கைகளைத் தூக்குவதும் ஒன்றாகச் சேர்ந்த வேலை. போதாததற்கு, தலைக்கு மேலே கைகளை வைத்துச் செய்யும் எந்த வேலையிலும் இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் அதிகமாக ஏறும்.

என் நோயாளிகளுக்கு நான் ஓர் அளவு சொல்லித் தருவது வழக்கம்: இடுப்புக்கும் தோளுக்கும் இடையில் கை எட்டுகிற வேலை உங்களுடையது, அதற்கு மேலும் கீழும் இருப்பது மற்றவருடையது. எட்டு வாரம் கடந்து மருத்துவரும் சரி என்றால், நாற்காலியில் உட்கார்ந்தபடி சுவரில் பழைய ஆணி விட்டுப்போன ஓட்டைகளைப் பட்டியால் அடைக்கலாம். கதவுக் கைப்பிடிகளைக் கழற்றித் துடைக்கலாம். சன்னல் ஓரங்களில் சாயம் படாமல் டேப் ஒட்டலாம். வேலை நடுவே ஒரு முழு வாக்கியத்தை மூச்சு இரைக்காமல் பேச முடியவில்லை என்றால் அன்றைய வேலை முடிந்தது என்று பொருள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் கூரான பட்டிக் கத்தியையும் அலகையும் கவனமாகக் கையாளுங்கள். சிறு வெட்டும் நெடுநேரம் கசியும். மார்பில் 'கிளிக்' என்ற ஒலி கேட்டாலோ, தையல் சிவந்து காய்ச்சல் கண்டாலோ மருத்துவமனைக்குப் போங்கள். மார்பு வலி வந்தால் அவசர உதவிக்கு 999.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் புதிதாகச் சிமெண்டு பூச வேண்டிய இடம் இருந்தால் அதற்கு மட்டும் இப்போதே ஆள் பிடியுங்கள். புதுப் பூச்சு நன்றாகக் காய ஏறத்தாழ 28 நாளாவது வேண்டும்; ஈரத்தின்மேல் அடித்த சாயம் தை பிறப்பதற்குள் செதில் செதிலாக உரிந்துவிடும். வெளிச்சுவரை அடிக்கிறவரைக் காலையிலேயே வரச் சொல்லுங்கள். ஐப்பசி மாதத்துப் பிற்பகல் மழையை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்து இரண்டு மாதமாகிறது. எங்கள் வீட்டுக் கழிவறை குந்தி உட்காரும் வகை. கையில் 2,000 வெள்ளி இருக்கிறது. ஹாலுக்குச் சாயமா, கழிவறையா?

கழிவறைதான் தங்கையே, அதில் எனக்கு ஐயமே இல்லை. விருந்தாளி பார்க்கும் இடம் என்பதால் ஹாலுக்குச் செலவழிக்கிறோம். நோயாளி விழும் இடமோ பெரும்பாலும் குளியலறையாக இருக்கிறது. மாற்று முட்டி வைத்தவர் ஆழமாகக் குந்தக் கூடாது. உட்காரும் கழிவறை வைக்கும்போது இருக்கையின் உயரம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். தாழ்ந்துவிட்டால் எழும்போது முழுப் பாரமும் முட்டியில் இறங்கும். உடனடியாக மாற்ற முடியாதென்றால், நடுவில் ஓட்டை உள்ள கழிவறை நாற்காலி ஒன்றைப் பழைய பீங்கானின் மேலேயே வைத்துக்கொள்ளலாம்.

கைப்பிடிக் கம்பியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் தாயார் பக்கவாதத்துக்குப் பின் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, கைப்பிடி பொருத்தவென்று வந்த குத்தகையாளர் துண்டு போடும் கம்பியையே மாட்டிவிட்டுப் போனார். பளபளவென்று இருந்தது. நான்காம் நாள் அம்மா அதைப் பிடித்து எழுந்தபோது, இரண்டு திருகாணிகளும் அவற்றின் பிளாஸ்டிக் உறைகளும் உள்ளங்கை அகலப் பூச்சும் கம்பியோடு சேர்ந்து கையில் வந்துவிட்டன. நான் பக்கத்தில் நின்றதால் தாங்கிக்கொண்டேன். வெள்ளைத் தூள் படிந்த கம்பியை விடாமல் பற்றிக்கொண்டு அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. ஆகவே, ஆள் பாரம் தாங்கும் கைப்பிடி என்றே கேட்டு வாங்குங்கள். கை முழுதாகச் சுற்றிப் பிடிக்க 3 முதல் 4 சென்டிமீட்டர் பருமன் வேண்டும். ஆணி பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். பலகை வீடாக இருந்தால் பலகையில் அடிக்காமல், அதன் பின்னால் உள்ள கட்டைத் தூணோடு போல்ட் போட்டு முறுக்கச் சொல்லுங்கள். காற்றழுத்தத்தில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் வகை ஈரச் சுவரில் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுவிடும் என்பதால் அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பொருத்தியவர் கிளம்புமுன் அவரையே அதைப் பிடித்துத் தொங்கச் சொல்லுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

மிச்சப் பணத்தில் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ள, உதவிக்குப் போனவர் கூரைத் தகரத்தைப் பிரித்து இறங்கிய வீட்டை நான் அறிவேன். தரைக்கு வழவழப்பான ஓடு வேண்டாம். வசதி குறைந்த குடும்பமாக இருந்தால், ஜேகேஎம் என்று நாம் சொல்லும் சமூக நல இலாகாவில் துணைக்கருவி உதவிக்கும், கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தில் வீட்டைப் பழுதுபார்க்கும் உதவிக்கும் விண்ணப்பித்துப் பாருங்கள். அது பண்டிகைக்குள் வந்து சேரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 20 ஆண்டாக இனிப்புநீர் (நீரிழிவு). காலில் புண் வந்து, ஆறி ஒரு மாதம் ஆகிறது. வாசல் அஞ்சடி (வீட்டு முன் நடைபாதை) உடைந்திருப்பதால் சிமெண்டு குழைத்து நானே போடலாம் என்று இருக்கிறேன்.

தயவுசெய்து வேண்டாம். ஈரச் சிமெண்டு கடும் காரத்தன்மை உடையது. தோலில் தங்கினால் மெல்ல மெல்ல அரித்துப் புண்ணாக்கும். உணர்வுள்ளவருக்கு எரிச்சல் தெரிந்து கழுவிவிடுவார். நீண்டகால இனிப்புநீரில் பாதத்து நரம்புகள் மரத்துப்போனவருக்கோ அன்று மாலை காலுறையைக் கழற்றும்போதுதான் தெரியும். பூட்ஸ் போட்டுக்கொள்கிறேன் என்பீர்கள். அதனுள்ளே சிமெண்டுத் தண்ணீர் புகுந்து தேங்கினால் நிலைமை இன்னும் மோசம். வேலையை மேற்பார்க்கும் நாள்களிலும் மூடிய காலணியோடு நில்லுங்கள். போடுமுன் அதைக் கவிழ்த்துத் தட்டுங்கள். இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். உடைந்த அஞ்சடியைப் புதிதாகப் போடும்போது படிக்குப் பதில் சரிவுப்பாதை கேட்டால், 1:12 என்ற கணக்கு நினைவிருக்கட்டும்: 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம். அதைவிடக் குறுகியது நடப்பவரை வழுக்கிவிடும்.

கேள்வி: அம்மாவுக்குக் கண்புரை எடுத்து இரண்டு வாரம். ஒட்டடை அடித்தே தீருவேன் என்கிறார்.

கண்ணில் தூசு விழுந்தால் கிருமி தொற்றக்கூடும். மருத்துவர் சொன்ன நாள்வரை, பொதுவாக ஒரு மாதம், ஒட்டடைக் கம்பை ஒளித்து வையுங்கள்.

கேள்வி: ஐயாவுக்கு நிமோனியா வந்து தேறிவருகிறார். பழைய வீடு, சாம்பல் நிற அலைக் கூரை பாசி பிடித்திருக்கிறது. குளியலறைச் சுவரிலும் பூஞ்சணம். எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிவிடலாமா?

இரண்டையும் வேறு வேறாகப் பாருங்கள், தம்பி. பழைய சாம்பல் நிற அலைக் கூரை அஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருக்கக்கூடும். கம்பித் தூரிகையால் தேய்த்தாலும், அழுத்த நீரைப் பாய்ச்சினாலும், துளையிட்டாலும் அதன் நுண்ணிழைகள் காற்றில் கலக்கும். அவை தரும் நுரையீரல் நோய் பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும். தவிர, அந்தத் தகடு ஆள் பாரத்தைத் தாங்காமல் உடைந்து உள்ளே விழவைக்கும். பாசி இருந்துவிட்டுப் போகட்டும். மாற்றத்தான் வேண்டுமென்றால் விவரம் தெரிந்தவரைக் கொண்டு, நனைத்து, உடைக்காமல் இறக்குங்கள்.

குளியலறைப் பூஞ்சணத்தை ஐயா வெளியே உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் துடையுங்கள். வெளுப்புத் திரவத்தோடு கழிவறை கழுவும் அமிலத்தைக் கலந்துவிடாதீர்கள்; கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். உள்ளறைகளுக்குத் தண்ணீரில் கரையும் சாயத்தையே வாங்கி, சன்னல்களைத் திறந்துவைத்து, ஐயாவை ஓரிரு நாள் உறவினர் வீட்டில் தங்கவையுங்கள். கதவுகளுக்கு அடிக்கும் எண்ணெய்ச் சாயத்தின் நெடி தேறிவரும் நுரையீரலுக்கு ஆகாது.

கேள்வி: டெங்கி வந்து மருத்துவமனையிலிருந்து திரும்பி மூன்று வாரமாகியும் அசதி போகவில்லை. இது சோம்பலா?

சோம்பல் இல்லை. டெங்கிக்குப் பிறகு சில வாரம் அசதி நீடிப்பது வழக்கம்தான். அரை மணி நேர வேலை, அரை மணி நேர ஓய்வு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வேலையை மட்டும் நீங்களே மேற்பார்க்க வேண்டும்: சாயம் அடித்து முடித்த வீட்டின் பின்புறம் போய்ப் பாருங்கள். கழுவாத டின், கவிழ்க்காத மூடி, ரோலர் தட்டு, சிமெண்டு குழைத்த வாளி எல்லாவற்றிலும் மழைத்தண்ணீர் நின்றிருக்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டையோ தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் தாங்கும் என்பதால் பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் 10 நிமிடம் சுற்றிப் பாருங்கள். ஒரு வகை டெங்கி வந்தவருக்கு வேறு வகை மறுபடி வரலாம், அப்போது அது கடுமையாகவும் கூடும். கூரைப் பீலியைச் சுத்தம் செய்ய ஏணி ஏறுவது மட்டும் தம்பிமார் வேலை.

கேள்வி: நாங்கள் இன்னும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறோம். கூரை ஒழுகுகிறது. என் கணவருக்கு முதுகு அறுவை சிகிச்சை. அவரே ஏறிப் பார்க்கிறேன் என்கிறார்.

அவர் ஏறக் கூடாது. ஏற வேண்டியவரும் அவர் இல்லை. தொழிலாளர் வீட்டு வசதித் தரங்கள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொழிலாளருக்குக் கொடுத்த வீட்டைப் பழுதுபார்த்து வைப்பது நிர்வாகத்தின் கடமை. தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் வாய்மொழியாகச் சொல்லி விட்டுவிடாமல், தேதியிட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். அசையவில்லை என்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருக்கிறது. அதுவரை ஒழுகும் இடத்திலிருந்து கட்டிலை நகர்த்துங்கள். அதையும் அவர் நகர்த்தக் கூடாது.

கேள்வி: மிஸ்ஸி, மற்றவர்களுக்கு இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் எப்படி?

கேட்டது நியாயம். என் வலது முட்டியை மாற்றி மூன்றாம் மாதம், திரைச்சீலை வளையங்களைக் கழற்றச் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறினேன். மொசைக் தரையில் அதன் ஒரு கால் மெல்ல விரிந்ததை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இறங்குவதற்குள் மணிக்கட்டு முறிந்துவிட்டது. முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு வாரம் மாவுக்கட்டோடு மற்றவர் கையால் சாப்பிட்ட பிறகு, அந்த ஸ்டூலைப் பூந்தொட்டி வைக்கக் கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எனக்கு 71 வயது, இடுப்பெலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். சாயமும் சிமெண்டும் எனக்கு வேண்டாம். தீபாவளியன்று வாசலில் கோலம் மட்டும் நான் போட வேண்டும். வழி இருக்கிறதா?

இருக்கிறது, அம்மா. மூன்றடிக்கு மூன்றடி ஒட்டுப்பலகை ஒன்று வாங்கிக் கறுப்புச் சாயம் அடிக்கச் சொல்லுங்கள். முதல் நாள் இரவு அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, புள்ளி வைத்துக் கோலம் போடுங்கள். எதிர்ப்பக்கம் எட்டவில்லை என்றால் குனியாமல் பலகையைத் திருப்புங்கள். அரிசி மாவை மெல்லிய கூழாகக் கரைத்துப் போட்டால் காய்ந்து பிடித்துக்கொள்ளும், தூக்கும்போது கலையாது. விடிந்ததும் பலகையை வாசலில் கொண்டுபோய் வைக்கப் பேரப்பிள்ளைகளை எழுப்புங்கள். எந்தப் பக்கம் தெருவைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் நின்று சொல்லுங்கள்.