கிரீன் கார்டுன்னா குடியுரிமையா?

கேள்வி: என் நாத்தனாருக்கு அமெரிக்காவுல கிரீன் கார்டு வந்திருக்கு. வீட்டுல எல்லாரும் இனிமே அவ அமெரிக்கப் பிரஜைங்கறாங்க, அவளோ இல்லவே இல்லைங்கறா. கார்டுல பத்து வருஷம் கழிச்சு ஒரு முடிவு தேதி வேற இருக்காம். அப்புறம் எப்படிங்க அது நிரந்தரம்?

பதில்: உங்க நாத்தனார் சொல்றதுதான் சரி. குழப்பத்துக்குப் பாதி காரணம் நம்ம பத்திரிகைங்கதான், கிரீன் கார்டு தர்ற பெர்மனன்ட் ரெசிடென்ஸிய ‘நிரந்தரக் குடியுரிமை’ன்னே எழுதி எழுதிப் பழக்கிட்டாங்க. குடியுரிமைன்னா சிட்டிசன்ஷிப், இது வசிக்கிற உரிமை மட்டும்தான். சிங்கப்பூர்ல அழகா ‘நிரந்தரவாசி’ங்கறாங்க, இலங்கைத் தமிழர்கள் ‘நிரந்தர வதிவிட உரிமை’ம்பாங்க, ரெண்டுமே நம்ம வார்த்தைய விட ரொம்பத் தெளிவு.

கிரீன் கார்டுங்கறதும் ஜனங்க வெச்ச பேருதான். கார்டு மேல ‘பெர்மனன்ட் ரெசிடென்ட்’னுதான் இருக்கும், ஆபீஸ் கணக்குல அதோட நம்பர் ஐ-551. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் குடுத்த கார்டு பச்சையா இருந்ததால அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு, நடுவுல எத்தனையோ வருஷம் வேற வேற கலர்ல வந்தும் பேரு மாறல, 2010-லதான் மறுபடி பச்சையாச்சு.

இப்ப அந்தத் தேதி விஷயம். பத்து வருஷம்ங்கறது அட்டையோட ஆயுசு, உரிமையோட ஆயுசு இல்ல. தேதி முடிஞ்சா ஐ-90ங்கற விண்ணப்பம் போட்டு அட்டையப் புதுப்பிக்கணும், அதுக்காக அவங்க நிரந்தரவாசி இல்லாம போயிட மாட்டாங்க. ஆனா கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் முடியறதுக்குள்ள கணவர் இல்ல மனைவி மூலமா வாங்கினவங்களுக்கு ரெண்டு வருஷ கார்டுதான் வரும், அதை அசால்ட்டா விடவே கூடாது, முடியறதுக்கு முந்தின 90 நாளுக்குள்ள ஐ-751ங்கற விண்ணப்பம் போடலைன்னா உரிமையே போயிடும்.

பாஸ்போர்ட் இந்திய பாஸ்போர்ட்டேதான், அமெரிக்க ஜனாதிபதி தேர்தல்ல ஓட்டும் கிடையாது. சிட்டிசன்ஷிப் வேணும்னா பொதுவா அஞ்சு வருஷம் கழிச்சு தனியா அப்ளை பண்ணணும், அமெரிக்கக் குடிமகனைக் கட்டிக்கிட்டு அவரோடயே வாழறவங்களுக்கு மூணு வருஷம்.

இன்னொண்ணு, அம்மாவப் பாத்துக்க வந்தேன் அப்படியே இருந்துட்டேன்னு ஒரு வருஷத்துக்கு மேல இங்கயே தங்கிட்டா திரும்பிப் போறப்ப பெரிய சிக்கலாயிடும். அப்படி நீண்ட நாள் வர்ற யோசனை இருந்தா ரீ-என்ட்ரி பர்மிட்டுக்கு, அதாவது திரும்ப அமெரிக்காவுக்குள்ள போறதுக்கான அனுமதிக்கு, அங்க இருக்கும்போதே, ஃபிளைட் ஏறதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணிடச் சொல்லுங்க, இங்க வந்துட்டு போட முடியாது.