நகரம் யாருக்கு?

கேள்வி: கூவம் கரைக் குடிசைகளை அகற்றி, அடுக்குமாடியில் வீடு தருவது நல்லதுதானே? - ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: வீடு நல்லதுதான் அம்மா. எங்கே தருகிறார்கள் என்பதையும் பாருங்கள். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், ஆரம்பத்தில் பல இடங்களில் குடிசை இருந்த மண்ணிலேயே மாடி வீடு கட்டியது. அப்புறம் நகருக்குள் நிலத்தின் விலை எகிறியது. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஏழைகளைத் தெற்கே ஓரத்துக்கு அனுப்பினார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் நாலு வீட்டில் பாத்திரம் துலக்கியவர், பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து விடியற்காலையில் வாசல் தெளிக்க வர முடியுமா? வேலை போய்விடும். பள்ளி நடக்கும்போதே காலி செய்தால் பிள்ளைகளின் படிப்பும் அறுந்துபோகும். முகவரியைக் கேட்டதும் வேலை தரத் தயங்குகிறவர்களும் உண்டு. பிழைப்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு தாருங்கள் என்றுதான் நானும் கேட்கிறேன்.